சும்மா இருந்தால் ஜெயம். கை வைத்தால் நஷ்டம்!

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: ரசிகர்களின் ஆத்திரமும் கோடிக்கணக்கான டாலரும்

வேலை செய்தால் சம்பளம். இது உலக வழக்கம்.

"நீங்கள் வேலை செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போங்கள்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அதற்காக அவருக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்?

அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கம்!

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள 'டெக்சாஸ் ஏ அண்ட் எம்' பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் பெயர் ஜிம்போ பிஷர். நீக்கியதற்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர். இந்திய ரூபாயில் கணக்குப் பார்த்தால் 600 கோடிக்கு மேல்!

ஒரேயடியாக அல்ல. முதலில் ஒரு பெரிய தொகை. பிறகு 2031-ம் ஆண்டு வரை ஆண்டுதோறும் ஒரு தொகை. அவர் வேறு வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கினாலும் இதில் ஒரு டாலர்கூடக் குறையாது.

பிஷர் மேல் ஆத்திரப்பட்டவர்கள் ரசிகர்கள். அவருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியும் ரசிகர்கள் கொடுத்த நன்கொடைதான்!

இந்த வேடிக்கை எப்படி நடக்கிறது? ரசிகரின் கோபம் நியாயமானதா? தவறான முடிவைச் செய்தது யார்? பயிற்சியாளரா, அவரை வேலைக்கு வைத்தவர்களா?

இது வேறு கால்பந்து

நம் ஊரில் கால்பந்து என்றால் உருண்டைப் பந்து. காலால் உதைத்து ஆடுவது. அமெரிக்கக் கால்பந்து வேறு. அந்தப் பந்து நீளமாக, இரு முனையும் கூர்ந்து இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தூர எறிவார்கள். எதிரிகள் பாய்ந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அதற்காகத் தலையிலும் தோளிலும் கவசம் உண்டு.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஆட்டம் 60 நிமிடம்.

பந்தை வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரி கைக்குப் போய்விடும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள்.

ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னால் ஆட்டம் சிறிது நேரம் நிற்கும். அப்போது பயிற்சியாளர் பக்கத்திலிருந்து உத்தரவு போகும். ஓடுவதா? எறிவதா? உதைப்பதா? ஆடுவது மாணவர்கள், முடிவு செய்வது பயிற்சியாளர்.

அதனால் வெற்றி வந்தால் பயிற்சியாளருக்கு மாலை. தோல்வி வந்தால் பயிற்சியாளருக்குத் திட்டு!

12-வது ஆள்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து வெறும் மாணவர் விளையாட்டு அல்ல. அது ஊர்த் திருவிழா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை வந்தால் ஆட்டம்தான்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரே 'ஸ்டேட் காலேஜ்'. அங்குள்ள மைதானத்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். அந்த ஊர் ஜனத்தொகையோ அதில் பாதிகூட இல்லை! வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அப்பா படித்த கல்லூரி, மகள் படித்த கல்லூரி என்ற பாசம்தான் அவர்களை இழுத்து வருகிறது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதை அல்ல, நடந்த சம்பவம்.

1922-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி. டெக்சாஸ் கோஷ்டி, சென்டர் காலேஜ் என்ற பலம் வாய்ந்த கோஷ்டியோடு மோதியது. ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டார்கள். மாற்று ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் வந்தது. ஆட்டம் பார்க்க வந்திருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். கில் ஓடி வந்து ஆட்ட உடையை மாட்டிக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை, "கூப்பிட்டால் இறங்குவேன்" என்று ஓரத்தில் நின்றார்.

அவரைக் கூப்பிடத் தேவை ஏற்படவில்லை. 22–14 என்ற கணக்கில் டெக்சாஸ் ஜெயித்தது. ஆனால் அவர் நின்றதை ஊர் மறக்கவில்லை. "களத்தில் 11 பேர், 12-வது ஆள் ரசிகர்" என்று ஆகிவிட்டது. அங்கே மாணவர்கள் இன்றைக்கும் ஆட்டம் முழுவதும் உட்காருவதில்லை. நின்றுகொண்டே பார்க்கிறார்கள்.

இதுதான் ரசிகரின் மனசு. ஒரு கடையில் சரக்கு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கோஷ்டி தோற்றால் வேறு கோஷ்டிக்குப் போக முடியுமா? பிறந்த வீட்டை மாற்ற முடியுமா? போக வழி இல்லாதவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும். ரசிகருக்கும் அப்படியே.

முழங்காலை ஊன்றியிருந்தால்...

அந்தக் கோபம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு ஓர் உதாரணம்.

2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி. மியாமிப் பல்கலைக்கழகத்துக்கும் ஜார்ஜியா டெக் கல்லூரிக்கும் போட்டி. அந்த ஆண்டு அதுவரை மியாமி தோற்கவே இல்லை. அன்றும் 20–17 என்று முன்னால் நின்றது. பந்து மியாமியின் கையில். ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் பாக்கி. கடிகாரத்தை நிறுத்தும் உரிமை எதுவும் எதிரிக்கு மிச்சம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பந்தை வாங்கி, முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். அவ்வளவுதான்! கடிகாரம் ஓடி முடிந்துவிடும். ஜெயம் கைக்கு வந்துவிடும். சிறு பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

மியாமிப் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபல் அப்படிச் செய்யவில்லை. வழக்கம்போல் பந்தோடு ஓடும் ஆட்டம் நடந்தது. ஓடிய மாணவன் மேல் எதிரிகள் பாய்ந்தார்கள். பந்து நழுவியது. ஜார்ஜியா டெக் அதைப் பிடித்துக்கொண்டது.

26 விநாடிகள் பாக்கி. போக வேண்டிய தூரம் 74 கெஜம். நான்கே வாய்ப்புகளில் போய்விட்டார்கள்! ஓரிரு விநாடி மிச்சம் இருக்கும்போது எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். 23–20 என்ற கணக்கில் மியாமி தோற்றது.

ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எதிரி பலசாலியாக இருந்து தோற்றால் மனம் ஆறும். சும்மா இருந்தாலே கிடைக்கும் ஜெயத்தைக் கை நீட்டிக் கெடுத்துக்கொண்டால் ஆறுமா?

கிறிஸ்டோபலுக்கு இது முதல் தடவையும் அல்ல. 2018-ம் ஆண்டில் அவர் ஓரிகன் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஸ்டான்போர்டு கோஷ்டியோடு ஆட்டம். கடைசி நிமிடத்தில் முன்னால் இருந்தும், முழங்காலை ஊன்றாமல் ஓடினார்கள். பந்து நழுவியது. ஆட்டமும் நழுவியது.

மியாமித் தோல்விக்குப் பிறகு, முழங்காலை ஊன்றியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் போன ஜெயம் திரும்பி வருமா?

பயம் செய்யும் வேலை

எல்லா முடிவும் இப்படிப் பளிச்சென்று தெரியாது. ரசிகரை வாரந்தோறும் வாட்டுவது நான்காவது வாய்ப்புத்தான்.

மூன்று வாய்ப்புகள் முடிந்துவிட்டன. இன்னும் 1 கெஜம் பாக்கி. துணிந்து ஓடினால் ஆட்டம் தொடரலாம். தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிரிக்குப் போய்விடும். அதற்குப் பயந்து, பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் தள்ளிவிடுவதும் உண்டு.

"ஒரு கெஜம்! ஓடக்கூடாதா?" என்று மைதானமே கத்தும். பயிற்சியாளர் உதைக்கச் சொல்வார்.

கத்துகிற ரசிகர் சொல்வதில் கணக்கும் இருக்கிறது. டேவிட் ரோமர் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், தொழில்முறைக் கால்பந்து ஆட்டங்களை ஆராய்ந்து 2006-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். துணிந்து ஆட வேண்டிய பல இடங்களில் பயிற்சியாளர்கள் உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் ஜெயிக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். அதன் பிறகு துணிந்து ஆடுகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பழைய பயம் முழுவதும் போய்விடவில்லை.

ஏன் இந்தப் பயம்? ஊரோடு ஒத்துப்போய்த் தோற்றால் "துரதிர்ஷ்டம்" என்பார்கள். துணிந்து செய்து தோற்றால் "இவருக்கு மூளை இல்லை" என்பார்கள். வேலை போய்விடுமோ என்று நடுங்குகிறவர் எந்த வழியில் போவார்? சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கூச்சல் அதிகமானால் பயம் அதிகமாகிறது. பயம் அதிகமானால் முடிவு கெடுகிறது. முடிவு கெட்டால் கூச்சல் இன்னும் அதிகமாகிறது!

நான்கு கையெழுத்துகள்

மைதானத்தில் நடப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அலுவலக அறையில் நடப்பது தெரிவதில்லை. பெரிய பெரிய முடிவுகள் அங்கேதான் நடக்கின்றன.

2021-ம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களைப் பாருங்கள்.

செப்டம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், பிஷரின் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டியது. ஆண்டுச் சம்பளம் 90 லட்சம் டாலர் அளவில்.

நவம்பரில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் பிராங்க்ளினுக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது.

அதே மாதக் கடைசியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், பிரயன் கெல்லியை 10 ஆண்டுகளுக்கு வைத்துக்கொண்டது. தொகை 9½ கோடி டாலர் அளவில்.

டிசம்பரில் மியாமி, கிறிஸ்டோபலை அழைத்து வந்தது. அவருக்கும் 10 ஆண்டுகள். 8 கோடி டாலர் அளவில்.

கல்லூரிகளுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட் பணம் உண்டு. பழைய மாணவர்களின் நன்கொடை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே டெலிவிஷன் பணம். 'பிக் டென்' என்று ஒரு கல்லூரிக் கூட்டமைப்பு. 2022-ம் ஆண்டில் அது டெலிவிஷன் கம்பெனிகளோடு 7 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை 700 கோடி டாலருக்கு மேல்!

பணம் கொட்டுகிறது. அடுத்த கல்லூரி நம் பயிற்சியாளரைத் தட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் கூடவே வருகிறது. "10 ஆண்டு எழுதிக் கொடுங்கள்!" என்கிறார்கள்.

இந்த ஒப்பந்தங்களில் ஒரு முள் இருக்கிறது. நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுத்துத்தான் தீர வேண்டும். கையெழுத்துப் போடும் நாளில் அந்த முள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மூவர் போனார்கள்

கையெழுத்து வாங்கிய நால்வரில் மூவருக்கு இன்று அந்த வேலை இல்லை.

பிஷர் 2023-ல் போனார். நீக்குவதற்கு முதல் நாள்தான் அவர் கோஷ்டி 51–10 என்ற கணக்கில் ஜெயித்திருந்தது! ஆனால் அந்த ஆண்டு 10 ஆட்டங்களில் 4 தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டு வெற்றியைவிடத் தோல்வி அதிகம். பொறுமை தீர்ந்துவிட்டது.

பிராங்க்ளின் கதை இன்னும் பரிதாபம். 2025 ஜனவரியில் அவர் கோஷ்டி தேசியப் போட்டியில் அரை இறுதி வரை போனது. அடுத்த பருவம் தொடங்கியபோது நாட்டிலேயே 2-வது கோஷ்டி என்று மதிப்பிட்டார்கள். செப்டம்பர் 27-ந் தேதி ஓரிகனிடம் தோல்வி. "பிராங்க்ளினை நீக்கு!" என்று மைதானத்திலேயே கோஷம் எழுந்தது. அடுத்த வாரம், அந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்காத யு.சி.எல்.ஏ. கோஷ்டியிடம் 42–37 என்று தோல்வி. அதற்கடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

மறுநாள், அக்டோபர் 12-ந் தேதி, வேலை போய்விட்டது. 104 ஆட்டங்களில் ஜெயித்துக் கொடுத்தவர். இரண்டே வாரத்தில் எல்லாம் முடிந்தது!

அவருக்குக் கொடுக்க வேண்டியது 4 கோடியே 90 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அவர் ஒப்பந்தத்தில், வேறு வேலை கிடைத்தால் இந்தத் தொகை குறையும் என்ற நிபந்தனை இருந்தது. நவம்பரில் அவர் வர்ஜீனியா டெக் கல்லூரியில் சேர்ந்தார். பென்சில்வேனியா கொடுக்க வேண்டியது 90 லட்சம் டாலராக இறங்கிவிட்டது. ஒரு நிபந்தனை 4 கோடி டாலரை மிச்சப்படுத்தியது! பிஷரின் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இல்லை.

கெல்லியும் அதே அக்டோபர் 26-ந் தேதி போனார். முதல் நாள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கோஷ்டியிடம் 49–25 என்று தோற்றிருந்தார். அவருக்குக் கொடுக்க வேண்டியது 5 கோடியே 40 லட்சம் டாலர் அளவில். லூசியானா கவர்னர் ஜெப் லாண்ட்ரியே கோபித்துக்கொண்டார். கெல்லியை அழைத்து வந்த விளையாட்டு நிர்வாகி ஸ்காட் உட்வர்டும் அதே மாதத்தில் பதவியை விட்டுப் போனார். 2017-ல் பிஷரை டெக்சாஸுக்கு அழைத்து வந்தவரும் இதே உட்வர்டுதான்!

அறைக்குள்ளும் அதே தவறு

இப்போது டெக்சாஸ் ஒப்பந்தத்தைச் சற்றே உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்.

2017 டிசம்பரில் பிஷருக்குக் கொடுத்தது 10 ஆண்டு ஒப்பந்தம். 7½ கோடி டாலர். அது 2027 வரை ஓடும். 2020-ல் அவர் கோஷ்டி 10 ஆட்டங்களில் 9-ல் ஜெயித்தது. ஊரெங்கும் கொண்டாட்டம். அந்த மகிழ்ச்சியில் 2021-ல் புது ஒப்பந்தம் எழுதினார்கள்.

பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் 6 ஆண்டுக்கு மேல் இருந்தது! அவசரம் என்ன?

பழைய ஒப்பந்தமே நீடித்திருந்தால், 2023-ல் அவரை நீக்கியபோது பாக்கி இருந்திருக்கும் பெரிய கணக்கு நான்கு ஆண்டுச் சம்பளம்தான். ஆண்டுக்கு 75 லட்சம் டாலர் என்றால், 3 கோடி டாலர் அளவில். புது ஒப்பந்தத்தால் அது 7 கோடியே 60 லட்சமாக ஏறியது.

ஜெயம் கையில் இருந்தது. ஒப்பந்தமும் கையில் இருந்தது. சும்மா இருந்தால் போதும். கடிகாரம் தானாக ஓடும். அவர்கள் சும்மா இருக்கவில்லை.

மியாமி மைதானத்தில் கடைசி அரை நிமிடத்தில் நடந்ததும் இதுதானே? முழங்காலை ஊன்ற வேண்டிய நேரத்தில் ஓடினார்கள். அங்கே நழுவியது பந்து. இங்கே நழுவியது 4½ கோடி டாலர்!

மைதானத்தில் நடந்த தவறுக்கு ஊரே கூச்சல் போட்டது. அறையில் நடந்த தவறுக்கு அன்று ஊரே கைதட்டியது.

நீக்கினால் ஜெயம் வருமா?

"ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது ரசிகரின் நம்பிக்கை. சில சமயம் அது பலிக்கவும் செய்கிறது.

இந்தியானாப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். தோல்விக்குப் பெயர் போன கோஷ்டி அது. 2023 கடைசியில் கர்ட் சிக்னெட்டி என்ற புதுப் பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். இரண்டே பருவத்தில் தேசியக் கோப்பை வந்துவிட்டது! 16 ஆட்டம், 16 வெற்றி.

இதைப் பார்த்த மற்ற ஊர் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? "நமக்கும் ஒரு சிக்னெட்டி வேண்டும்" என்கிறார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கதைதான்.

கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் மாற்றங்களை அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் ஆராய்ந்து 2013-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். மிக மோசமாக ஆடிய கோஷ்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆளை மாற்றிய கோஷ்டிகளும் மாற்றாத கோஷ்டிகளும் சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே நிலைக்குத்தான் வந்தன. நடுத்தரமாக ஆடிய கோஷ்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆளை மாற்றியவை, மாற்றாதவற்றைவிடக் கீழே போயின!

ஆளை மாற்றக் கூடாது என்று இதற்கு அர்த்தம் அல்ல. கோபம் வந்த நாளில் மாற்றினால் பலன் நிச்சயம் என்று நினைக்கக் கூடாது என்பதே அர்த்தம்.

இரண்டு ஆண்டு கழித்து

நான்காவது கையெழுத்துக்காரர் கிறிஸ்டோபல் என்ன ஆனார்?

2023-ல் அந்தப் பயங்கரத் தோல்விக்குப் பிறகும் மியாமி அவரை நீக்கவில்லை. அந்த ஆண்டு 7 வெற்றி, 6 தோல்வி. அடுத்த ஆண்டு 10 வெற்றி, 3 தோல்வி. எதிரியைத் தடுக்கும் ஆட்டம் பலவீனமாக இருந்தது. அதற்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளரை மாற்றினார்கள். கூரையில் ஓடு உடைந்தால் ஓட்டை மாற்ற வேண்டும்; வீட்டை இடிக்க வேண்டியதில்லை அல்லவா?

2025-ல் இரண்டு தோல்விகள் வந்தபோது ரசிகர்கள் மறுபடியும் கொதித்தார்கள். ஆனாலும் 12 கோஷ்டிகள் மோதும் தேசியப் போட்டியில் மியாமிக்கு இடம் கிடைத்தது.

முதல் ஆட்டம் யாரோடு? டெக்சாஸ் ஏ அண்ட் எம் கோஷ்டியோடு!

பிஷருக்குப் பிறகு வந்த மைக் எல்கோவின் கீழ் டெக்சாஸும் நன்றாக முன்னேறியிருந்தது. அந்தப் பருவத்தில் 11 வெற்றி, ஒரே தோல்வி. ஆகையால் பிஷரை நீக்கியதே தவறு என்று சொல்ல முடியாது. நீக்குவதற்கு அத்தனை கோடி கொடுக்கும்படி 2021-ல் எழுதிக் கொடுத்ததுதான் தவறு.

2025 டிசம்பர் 20-ந் தேதி. டெக்சாஸ் மைதானம். 1 லட்சம் பேர் நின்றுகொண்டு கத்தினார்கள். மியாமி 10–3 என்று ஜெயித்தது. அதோடு நிற்கவில்லை. இன்னும் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்து, 2026 ஜனவரி 19-ந் தேதி இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. அங்கே இந்தியானாவிடம் 27–21 என்று தோற்றது.

முழங்காலை ஊன்றத் தெரியாதவர் என்று ஏச்சு வாங்கியவர், இரண்டு ஆண்டுகளில் கோப்பைக்கு ஒரு படி கீழே வந்து நின்றார்! 2023 அக்டோபரில் கோபத்தோடு ஓட்டு எடுத்திருந்தால் அவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்?

ஆடும் பிள்ளைகள்

இந்தக் கணக்கில் ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆடுகிற மாணவர்.

பயிற்சியாளருக்குக் கோடிகள் கொடுத்த கல்லூரிகள், ஆடும் பிள்ளைகளுக்குச் சம்பளம் எதுவும் கொடுக்காமல்தான் இருந்தன. படிப்பு உதவியும் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. விளம்பரத்தில் தோன்றிப் பணம் வாங்கவே 2021-ல்தான் அனுமதி கிடைத்தது. கோர்ட்டு வழக்கு நடந்து, 2025 ஜூலை முதல்தான் கல்லூரிகள் மாணவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு மாணவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது 2 கோடியே 5 லட்சம் டாலர். கால்பந்து மட்டுமல்ல, நீச்சல், ஓட்டம், கூடைப்பந்து எல்லாம் இதில் அடக்கம்.

பிஷர் ஒருவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை, இந்த எல்லைப்படி ஒரு கல்லூரியின் அத்தனை விளையாட்டு மாணவர்களுக்கும் மூன்றரை ஆண்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம்! வேலை செய்யாதவருக்கு அவ்வளவு. வெயிலிலும் பனியிலும் அடிபட்டு ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு.

ரசிகர் எப்போது கத்த வேண்டும்?

ரசிகரின் கோபம் பொய் அல்ல. நான்காவது வாய்ப்பில் அவர் கத்துவதில் கணக்கு இருக்கிறது. முழங்காலை ஊன்றாததற்கு அவர் அழுததில் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார். நன்கொடை கொடுக்கிறார். மழையில் நனைந்து நிற்கிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அவர் கேட்கும் நேரம்தான் சரியில்லை. தோற்ற இரவில், "எப்போது நீக்குவீர்கள்?" என்று கேட்கிறார். அப்போது எது செய்தாலும் செலவு கல்லூரிக்கு, லாபம் நீக்கப்பட்டவருக்கு.

ஜெயித்த மறுநாள் அவர் கேட்க வேண்டியவை வேறு. "எத்தனை ஆண்டுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள்? பழைய ஒப்பந்தம் முடிய எத்தனை ஆண்டு இருக்கிறது? நடுவில் பிரிந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? வேறு வேலை கிடைத்தால் அது குறையுமா?"

இந்த நான்கு கேள்விகளை 2021 செப்டம்பரில் டெக்சாஸில் 1 லட்சம் பேர் எழுந்து நின்று கேட்டிருந்தால், 12-வது ஆளின் நன்கொடை மைதானத்துக்கும் மாணவர்களுக்கும் மிஞ்சியிருக்கும்.

தோற்ற நாளில் கத்துவதற்கு லட்சம் பேர் இருக்கிறார்கள். கொண்டாட்ட நாளில் கணக்குக் கேட்க ஒருவராவது வேண்டும்.